தெர்மாமீட்டர் இரவல் பொருள் அல்ல

(ராயபுரத்தில் நடைபெற்ற மழைக்கால நலவாழ்வுக் கூட்டத்தில், அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

ஐப்பசி பிறந்துவிட்டால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் வீட்டுக்கு வீடு ஜுரம்தான். தெருவில் தண்ணீர் தேங்குகிறது, கொசு பெருகுகிறது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருமலோடு திரும்பி வருகிறது. இந்த மாதங்களில் நம் அலுவலகத்துக்கு வந்து மக்கள் கேட்கும் பொருட்களில் சக்கர நாற்காலியும் கட்டிலும் குறைவு. "ஒரு தெர்மாமீட்டர் இருந்தா குடுங்க, நாளைக்குத் திருப்பிக் கொடுத்துடறோம்" என்று கேட்பவர்களே அதிகம். நம் அலுவலகம் மூடியிருந்தால் அடுத்த வீட்டில் வாங்கிக்கொள்கிறார்கள். ஒரே காம்பவுண்டுக்குள் எட்டுக் குடும்பம் இருந்தால் எட்டுக்கும் ஒரே தெர்மாமீட்டர் சுற்றி வருகிறது.

அந்தச் சின்னப் பொருளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அதை எப்படி வைத்துப் பார்ப்பது, எப்படிச் சுத்தம் செய்வது, நம் அறக்கட்டளையின் இரவல் பட்டியலிலிருந்து அதை ஏன் எடுத்துவிட்டோம் என்பதையெல்லாம் சொல்கிறோம். கேட்டுவிட்டு வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் நடந்தது

முதலில் ஒரு நிகழ்ச்சி. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தில் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனை என்று ஒரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. மூளை, நரம்பு நோயாளிகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கே உண்டு. 2015ஆம் ஆண்டு தொடங்கி 2017 வரை அந்தப் பிரிவில் கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சை ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குப் போய்க்கொண்டே இருந்தது. மொத்தம் 70 பேரிடம் அது கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களில் 66 பேர் அந்த ஒரே பிரிவில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்கள். பெரும்பாலோருக்குப் பூஞ்சை உடம்பின் மேலே தங்கியதோடு நின்றது. 7 பேருக்கு அது உள்ளே புகுந்து கடுமையான தொற்றாக மாறியது.

அந்த மருத்துவமனையில் சுத்தத்துக்குக் குறைவு என்று சொல்ல முடியாது. கை கழுவுவது, நோயாளியைத் தனியே வைப்பது, அறையைக் கழுவுவது எல்லாம் நடந்தன. ஆனாலும் புதிய நோயாளிகள் வந்தபடி இருந்தார்கள். படுக்கையைச் சுற்றியுள்ள இடங்களில் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். அங்கெல்லாம் பூஞ்சை அரிதாகவே கிடைத்தது. பிறகு, தொற்று வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் என்ன வேறுபாடு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

உடம்புச் சூட்டைத் தொடர்ந்து பார்ப்பதற்காக நோயாளியின் அக்குளில் ஒரு சிறிய முனையை வைப்பார்கள். அதிலிருந்து ஒரு ஒயர் மானிட்டருக்குப் போகும். டெம்பரேச்சர் ப்ரோப் என்று அதற்குப் பெயர். ஒருவருக்கு வைத்ததைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு வைக்கும் வகை அது. அந்த ப்ரோப் வைக்கப்பட்டவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தது. ப்ரோப்களைச் சோதித்தபோது அவற்றிலேயே பூஞ்சை இருந்தது. அந்தக் கருவியையே அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் புதிய தொற்று குறைந்தது. இந்த விவரங்கள் 2018 அக்டோபரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தன.

இதில் மருத்துவர்களையே யோசிக்க வைத்த ஒரு விஷயம் உண்டு. மருத்துவக் கருவிகளை மூன்று வரிசையாகப் பிரிக்கும் முறையை எர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் அரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லி வைத்தார். இரத்தத்துக்குள்ளும் உடலுக்குள்ளும் போகும் கத்தி, ஊசி போன்றவை முதல் வரிசை. அவற்றில் ஒரு கிருமிகூட உயிரோடு இருக்கக் கூடாது. வாய், மலவாய் போன்ற ஈரமான உட்தோலைத் தொடுபவை நடு வரிசை. புண் இல்லாத வெளித்தோலை மட்டும் தொடுபவை கடைசி வரிசை. அவற்றில் ஆபத்து குறைவு, சாதாரணச் சுத்தம் போதும். அக்குளில் வைக்கும் முனை இந்தக் கடைசி வரிசையைச் சேர்ந்தது. ஆபத்து குறைவு என்று கருதப்பட்ட அந்த வரிசையிலிருந்த பொருள்தான் ஆக்ஸ்ஃபோர்டில் நோயைச் சுமந்து சென்றது. அக்குள் எப்போதும் சூடும் ஈரமுமாக இருக்கும் இடம். பூஞ்சைக்கு அது பிடித்த இடம். அங்கேயே மணிக்கணக்கில் இருந்த முனை அடுத்த நோயாளியின் அக்குளுக்குப் போனது.

"வாயில் வைத்தால்தான் கழுவ வேண்டும், அக்குளில்தானே வைத்தோம், பரவாயில்லை" என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நாம் விட்டுவிட வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு தூரத்துக் கதையை இங்கே சொன்னோம்.

பயப்பட வேண்டியவர்கள் யார்?

கேண்டிடா ஆரிஸ் பூஞ்சையை 2009ஆம் ஆண்டு ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து முதன்முதலாக அடையாளம் கண்டார்கள். ஆரிஸ் என்றால் லத்தீன் மொழியில் காது. அடுத்த சில ஆண்டுகளில், 2013இல், தில்லி மருத்துவமனைகளில் அது இரத்தத்தில் கலந்து நோய் உண்டாக்கியதை நம் நாட்டு மருத்துவர்கள் எழுதினார்கள். வழக்கமான பூஞ்சை மருந்துகள் பலவற்றுக்கு அது கட்டுப்படுவதில்லை.

இதைக் கேட்டு யாரும் கலங்க வேண்டாம். நல்ல உடல்நலத்தோடு வேலைக்குப் போய்வரும் ஆளை அது பொதுவாக ஒன்றும் செய்வதில்லை. வாரக்கணக்கில் தீவிர சிகிச்சையில் படுத்திருந்தவர்கள், உடம்பில் டியூப் பொருத்தப்பட்டவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்குத்தான் அது எமன். ஆனால் அப்படிப்பட்டவர்கள் நம் தெருவில் இல்லையா? டயாலிசிஸ் செய்துகொண்டு வரும் பெரியவர் இருக்கிறார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் சகோதரி இருக்கிறார். சர்க்கரை வியாதியில் கால் புண் ஆறாமல் இருப்பவர் இருக்கிறார். பிரசவம் முடிந்து ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலிருந்து நேற்றுதான் வீட்டுக்கு வந்த பச்சைக் குழந்தை இருக்கிறது. சுற்றி வரும் தெர்மாமீட்டர் இவர்கள் வீட்டுக்கும் போகிறது. சொல்லப்போனால், அடிக்கடி சூடு பார்க்க வேண்டியவர்கள் இவர்கள்தான் என்பதால் இவர்கள் வீட்டுக்கே அது அதிகம் போகிறது.

அந்தப் பூஞ்சையை விட்டுவிட்டு அன்றாடம் நாம் பார்க்கும் நோய்களை எடுத்துக்கொள்வோம். சளி, ஃப்ளூ, கொரோனா ஆகியவை எச்சில் வழியாகப் போகும். வயிற்றுப்போக்குக் கிருமிகள் மலத்திலிருந்து கைக்கும் வாய்க்கும் போகும். சிரங்கு, கட்டி உண்டாக்கும் கிருமிகள் தோலிலிருந்து தோலுக்குப் போகும். 1992ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில், மருந்துக்குக் கட்டுப்படாத குடல் கிருமி ஒன்று எலக்ட்ரானிக் தெர்மாமீட்டர் வழியாக நோயாளிகளிடையே பரவியதைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியும் உலோக முனை சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைப்பது சரியல்ல.

"ஒரே சஹனில் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் நாம். தெர்மாமீட்டரில் போய் உனது எனது என்று பாகம் பிரிப்பதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சஹனில் உட்காரும் முன் அத்தனை பேரும் கை கழுவுகிறோம். உடம்புக்கு முடியாதவர் அன்று தனித் தட்டில் வாங்கிக்கொள்கிறார். மெட்ராஸ் ஐ வந்த பிள்ளையின் துண்டைத் தனியே கொடியில் போடுகிறோம். அதற்காக அந்தப் பிள்ளையை ஒதுக்கிவிட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. தெர்மாமீட்டருக்கும் அந்த முறையையே வைத்துக்கொள்வோம்.

சுத்தம் செய்யும் முறை

இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். ஒரு முனையில் உலோகம், நடுவில் எண் தெரியும் சிறு திரை, பின்னால் பட்டன் பேட்டரி. இதைச் சுத்தம் செய்வதில் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை மாறக் கூடாது.

துறைமுகத்திலும் பட்டறையிலும் வேலை பார்க்கும் சகோதரர்களுக்கு இது எளிதில் புரியும். கையில் பெயிண்டோ கிரீஸோ ஒட்டியிருந்தால் அதை முதலில் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வுளூ செய்கிறோம். ஏனென்றால் தண்ணீர் தோலில் பட வேண்டும். தெர்மாமீட்டரிலும் அப்படித்தான். வியர்வைப் பிசுக்கு, எச்சில், தைலம், பவுடர் இவை முனையில் ஒட்டியிருந்தால் அவற்றுக்கு அடியில் இருக்கும் கிருமி மேல் ஸ்பிரிட் படாது. ஆகவே முதலில் அழுக்கு, அப்புறம் கிருமி.

முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு முனையை, சாதாரணத் தண்ணீரில் நனைத்துச் சோப்புத் தடவிய பஞ்சு அல்லது சுத்தமான துணியால் துடையுங்கள். முழுத் தெர்மாமீட்டரையும் குழாயடியில் காட்ட வேண்டாம். தண்ணீர் புகாத வகை என்று டப்பாவில் போட்டிருந்தால் மட்டுமே நனைக்கலாம். வெந்நீர் கூடாது, கொதிக்க வைக்கவே கூடாது. அடுத்து, சோப்பு போக ஈரத் துணியால் துடைத்துவிட்டு, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் ஸ்பிரிட் நீர்த்துப் போகும்.

கடைசியாக ஸ்பிரிட். மருந்துக் கடையில் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்று கேளுங்கள். அதில் நனைத்த பஞ்சால் பிடிப் பக்கத்திலிருந்து முனையை நோக்கித் துடையுங்கள். முனையைச் சுற்றி நன்றாகத் துடைத்து, அரை நிமிடமாவது, முடிந்தால் ஒரு நிமிடம், முனை ஈரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தானாகக் காய விடுங்கள். வாயால் ஊதிக் காய வைப்பதும் முந்தானையில் துடைப்பதும் செய்த வேலையைக் கெடுத்துவிடும். காய்ந்த பிறகு அதன் உறையில் போட்டு வையுங்கள். அந்த உறையையும் அவ்வப்போது கழுவிக் காய வைக்க வேண்டும். அழுக்கு உறையில் சுத்தமான தெர்மாமீட்டரைப் போட்டுப் பயனில்லை.

"70 என்ன கணக்கு, 100 சதவீதம் இன்னும் வலுவாக இருக்காதா?" என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீர் கலந்திருந்தால்தான் ஆல்கஹால் கிருமியின் உள்ளே புகுந்து அதன் புரதத்தைச் சிதைக்கும். தண்ணீர் இல்லாத ஆல்கஹால் நொடியில் ஆவியாகிவிடும். வேலை செய்ய நேரம் கிடைக்காது. கைக்குப் போடும் சானிடைசர் ஜெல் இதற்கு ஏற்றதல்ல. அதில் தோல் வறளாமல் இருக்கச் சேர்க்கும் பொருட்கள் முனையில் படிந்துவிடும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி இருக்கும் இடத்தில் பாட்டிலைத் திறக்காதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

ஸ்பிரிட்டில் ஆல்கஹால் இருக்கிறதே, பயன்படுத்தலாமா என்று சில தாய்மார்கள் தயங்குகிறார்கள். புண்ணைச் சுத்தம் செய்யவும் கிருமியைக் கொல்லவும் ஆல்கஹாலை உடலின் வெளியே பயன்படுத்தலாம் என்று மக்காவில் உள்ள ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹ் அவை 2002ஆம் ஆண்டிலேயே தீர்மானம் செய்திருக்கிறது. அதன் பிறகும் மனத்தில் ஐயம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஐயத்தால் துடைக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம் எப்போது செய்வது? ஒவ்வொரு முறை பார்த்த பிறகும் செய்ய வேண்டும். பலநாள் உறையில் கிடந்ததை எடுத்தால் வைப்பதற்கு முன்பும் ஒரு முறை ஸ்பிரிட்டால் துடையுங்கள். பிள்ளை ஜுரத்தில் அழும்போது எண்ணைப் பார்த்தவுடன் தெர்மாமீட்டரை அப்படியே ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு மருந்தைத் தேடுவோம். மனித இயல்புதான். அதனால் பஞ்சையும் ஸ்பிரிட்டையும் தெர்மாமீட்டரோடு ஒரே டப்பாவில் வையுங்கள். கையோடு இருந்தால் கையோடு முடிந்துவிடும். எண்ணைப் பார்த்தோம், துடைத்தோம், உறையில் போட்டோம் என்றால்தான் சூடு பார்த்த வேலை முடிந்தது.

எங்கே வைப்பது, எப்படிப் பார்ப்பது

வாயில் வைப்பதென்றால் நாக்கின் அடியில் வைத்து உதட்டை மூட வேண்டும். டீ, கஞ்சி, ஐஸ் தண்ணீர் எது குடித்திருந்தாலும் கால் மணி நேரமாவது கழித்தே பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு வாயில் வைக்க வேண்டாம், கடித்துவிடுவார்கள். அக்குளில் வைப்பதென்றால் வியர்வையைத் துடைத்துவிட்டு, முனை தோலில் நேராகப் படும்படி ஆழமாக வைத்து, கையை மார்போடு அணைத்துப் பிடித்து, பீப் சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அக்குள் கணக்கு வாய்க் கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். மருத்துவரிடம் சொல்லும்போது, "அக்குளில் பார்த்தோம், 101 இருந்தது" என்று இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மலவாயில் வைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் அதற்கென்று தனித் தெர்மாமீட்டர் வைத்து, அழியாத மையில் அடையாளம் எழுதுங்கள். எவ்வளவு கழுவினாலும் அது மறுபடி யாருடைய வாய்க்கும் போகக் கூடாது. சில குடல் கிருமிகளின் விதைகளை ஸ்பிரிட் கொல்வதில்லை.

காதில் வைக்கும் கருவிக்கு ஒரு சிறிய பிளாஸ்டிக் தொப்பி வரும். அது ஒருவருக்கு ஒன்று. காசை மிச்சம் பிடிக்க அதே தொப்பியை அடுத்தவருக்கு வைக்காதீர்கள். தொப்பி போட்டிருந்தாலும் முனையைத் துடைப்பது துடைப்பதுதான். காதில் சீழ் வடிபவருக்கு அந்தக் கருவியைப் பயன்படுத்த வேண்டாம்.

நெற்றிக்கு நேரே காட்டும் துப்பாக்கி போன்ற கருவியைக் கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்தோம். 2020ஆம் ஆண்டு கோடையில் சென்னையிலேயே அதிகத் தொற்று பதிவான மண்டலமாக நம் ராயபுரம் இருந்தபோது, தெருத்தெருவாக மாநகராட்சி ஊழியர்கள் அதைக் கொண்டுவந்தார்கள். தோலைத் தொடாமல் அளப்பதால் முகாமுக்கு அது நல்லது. ஆனால் வெயிலில் நடந்து வந்தவரை உடனே அளந்தால் எண் தவறும். கொஞ்ச நேரம் நிழலில் உட்கார வைத்து, நெற்றி வியர்வையைத் துடைத்து, மின்விசிறிக் காற்று நேரே படாத இடத்தில் பாருங்கள். கண்ணாடி போன்ற அதன் முன்பகுதியில் தூசி படிந்தாலும் எண் மாறும். ஸ்பிரிட் தொட்ட காது குடையும் பஞ்சுக்குச்சியால் மெதுவாகத் துடைத்து, காய்ந்த பிறகு பயன்படுத்துங்கள்.

பச்சைக் குழந்தைக்கு

கைக்குழந்தை உள்ள வீட்டினர் இதைக் குறிப்பாகக் கேளுங்கள். பிறந்த குழந்தைக்கு அக்குளில் பார்த்தால் 97.7 முதல் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்க வேண்டும். சூடு கூடுவது போலவே குறைவதும் ஆபத்து. 97.7-க்குக் கீழே போனால் குழந்தையைத் தாயின் மார்போடு, தோலோடு தோல் படும்படி அணைத்து, தலைக்குக் குல்லா போட்டுப் போர்த்துங்கள். சூடு ஏறவில்லை அல்லது பால் குடிக்கவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி வந்துவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. ராத்திரியானாலும் கொண்டு போங்கள், 108-ஐ அழையுங்கள்.

இந்தக் குழந்தைக்கு வைக்கும் தெர்மாமீட்டர் இந்தக் குழந்தைக்கு மட்டுமே. பெரிய பிள்ளைக்கு ஜுரம் வந்தால் வேறொன்றை எடுங்கள்.

பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர்

சில வீடுகளில் பாதரசம் வைத்த பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் இன்னும் இருக்கிறது. அதைக் கழுவும்போதும் உதறும்போதும்தான் உடைகிறது. வெந்நீரில் போட்டால் வெடித்துவிடும். உள்ளிருக்கும் பாதரசம் சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகி மூச்சில் கலக்கும் விஷம். கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் நடத்திய தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசக் கழிவு பிரச்சினையால் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டதும், அதில் வேலை பார்த்த 591 தொழிலாளர்கள் நீண்ட காலம் போராடி 2016இல் நிறுவனத்தோடு உடன்பாடு கண்டதும் நம் மாநிலத்தில் நடந்தவை. பாதரசப் பொருட்களைக் குறைப்பதற்கான மினமாட்டா உலக உடன்படிக்கையை 2018இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது.

அது உடைந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்பி ஜன்னலைத் திறங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் பாதரசம் சிறு சிறு மணிகளாகச் சிதறிப் பரவும். ஆகவே துடைப்பம் வேண்டாம். கையிலிருக்கும் தங்க வளையல், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், பாதரசம் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும். கையுறை போட்டுக்கொண்டு, கெட்டி அட்டையால் மணிகளை ஒன்றாகத் தள்ளி, மூடியுள்ள பாட்டிலில் சேர்த்து இறுக மூடுங்கள். அதை ஜலதாரையில் ஊற்றாதீர்கள். வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லி மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் தனியே கொடுங்கள். உடையாத ஒன்று வீட்டில் இருந்தால் அதையும் இப்படியே கொடுத்துவிட்டு டிஜிட்டலுக்கு மாறிவிடுவது நல்லது.

வெள்ளம் புகுந்த வீடுகள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர் முகத்துவாரப் பகுதியில் எண்ணெய் கலந்த தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட தண்ணீரில் நனைந்த தெர்மாமீட்டர், நெபுலைசர் மாஸ்க், குழாய் எதையும் கழுவி மறுபடி பயன்படுத்த முயல வேண்டாம். உள்ளே புகுந்த சாக்கடையையும் எண்ணெயையும் துணியால் எடுக்க முடியாது. மழைக்காலம் வரும் முன்பே மருந்து, தெர்மாமீட்டர், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பரணில் வையுங்கள்.

முகாமில் தொண்டு செய்பவர்களுக்கு

நிவாரண முகாமிலும் காய்ச்சல் முகாமிலும் நிற்கும் இளைஞர்கள் ஒரு ஒழுங்கை வைத்துக்கொள்ள வேண்டும். அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டரைப் பயன்படுத்துவதாக இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. ஆறு ஏழு வேண்டும். மேசையில் இரண்டு தட்டு. ஒன்றில் சுத்தமானவை, மற்றொன்றில் பயன்படுத்தியவை. ஒருவர் அளக்க வேண்டும், இன்னொருவர் துடைத்துக் காய வைத்துச் சுத்தத் தட்டுக்கு மாற்ற வேண்டும். வரிசை நீளமாக இருக்கிறது என்று துடைப்பவரை வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது. ஒரு பாட்டிலில் கிருமிநாசினித் தண்ணீரை ஊற்றி, காலையிலிருந்து மாலைவரை எல்லாவற்றையும் அதிலேயே முக்கி எடுக்கும் பழக்கமும் வேண்டாம். நேரம் ஆக ஆக அந்தத் தண்ணீரே அழுக்காகிவிடும்.

மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ இருக்கும்போது சந்தேகம் வந்தால், "சிஸ்டர், ஒரு தடவை துடைச்சிட்டு வைக்கிறீங்களா?" என்று மரியாதையோடு கேளுங்கள். கேட்பது நோயாளியின் உரிமை. ஓய்வில்லாமல் நூறு பேரைப் பார்க்கும் அந்தச் சகோதரியிடம் குரலை உயர்த்தாமல் கேட்பது நம் பண்பு.

நம் அறக்கட்டளையின் முடிவு

இனி நம் அலுவலகத்தில் தெர்மாமீட்டரை இரவல் தருவதில்லை. நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளுக்காக ஒரு டயாலிசிஸ் நோயாளியையோ பச்சைக் குழந்தையையோ ஆபத்தில் வைக்க வேண்டியதில்லை. வாங்க முடியாத குடும்பத்துக்குப் புதிய தெர்மாமீட்டர், ஒரு சிறிய பாட்டில் ஸ்பிரிட், பஞ்சு மூன்றையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுவோம். திருப்பித் தர வேண்டாம். எந்த மதத்தினராக இருந்தாலும் நம் பகுதியில் தேவையுள்ள எல்லோருக்கும் இது உண்டு. நெபுலைசர் இயந்திரம் முன்போலவே இரவலாகக் கிடைக்கும்; மாஸ்க்கும் மருந்துக் குப்பியும் குழாயும் மட்டும் ஒவ்வொருவருக்கும் புதிதாகத் தரப்படும். சக்கர நாற்காலி, வாக்கர், கட்டில் போன்றவை திரும்பி வந்ததும் கழுவித் துடைத்து, அந்தத் தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டிய பிறகே அடுத்த வீட்டுக்குப் போகும். சீட்டு இல்லாத பொருளை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், எங்களிடம் கேளுங்கள்.

இதற்குச் செலவு கூடும். வசதியுள்ளவர்கள் உங்கள் சதக்காவில் ஒரு டப்பாவுக்கான தொகையைச் சேர்த்துக் கொடுத்தால் ஒரு குடும்பத்துக்கு அது பல மழைக்காலங்களுக்கு உதவும். பணம் கொடுக்க இயலாதவர்கள் உங்கள் தெருவில் நான்கு வீட்டுக்குப் போய் இன்று கேட்டதைச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கத்து மேசையில் துடைக்கும் முறையைச் செய்து காட்டுகிறோம். தாய்மார்கள் நின்று ஒரு முறை உங்கள் கையாலேயே செய்து பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

நோயைக் கண்டுபிடிக்க நாம் கையில் எடுக்கும் பொருள் இன்னொரு நோயைக் கொண்டு போய்க் கொடுக்காமல் இருக்க அல்லாஹ் நமக்கு உதவி செய்வானாக. நம் வீடுகளில் நோயுற்றிருக்கும் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.